பூக் கேட்ட வழக்கு

கோயில் மேல் கேஸ் போட்டால் கண் போய்விடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்படிக் கண் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பங்காளி போவான். கல்யாணப் பத்திரிகை வராது. பால் ஊற்றுகிற வீட்டில் நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள் என்பார்கள். அவ்வளவும் நடந்தது, நான் பார்த்தேன்.

மாயவன் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. பாப்பாரப்பட்டியிலிருந்து மேற்கே போனால் எங்கள் ஊர். நாங்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் குலசாமி வேடியப்பனுக்கு நாங்கள் வரி கொடுப்பதில்லை, அந்தக் கோயில் கூட்டத்தில் எங்களுக்குப் பேச்சும் இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு மூடி மறைக்க ஆயிரம் காரணம் இருக்கும், எனக்கு என்ன வந்தது? மாயவன் தோட்டத்தில் மல்பெரித் தழை அறுக்கப் போவேன், கூலி வாங்குவேன். நடக்கிறது கண்ணில் படும்.

அந்தப் பங்குனியில் வெயில் ஆளைக் கொன்றது. பட்டுப்புழு நான்காவது தடவையாகத் தோல் உரித்து, கடைசி வாரத் தீனிக்கு வாயைத் திறந்திருந்தது. அந்த வாரத்தில் வீட்டில் சாவே விழுந்தாலும் தழை போட்டுவிட்டுத்தான் அழ வேண்டும். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில், படுக்கப் போகும் முன் என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போட்ட தழையை அதுகள் தின்கிற சத்தம் ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்கும். உஷ்ணம் ஏறினால் புழு சோர்ந்துவிடும் என்று மாயவன் பெண்டாட்டி சென்னம்மாள் புழு ஷெட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, அதை நனைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் யாரும் சரியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நின்றுகொண்டே ஆளுக்கு ஒரு உருண்டை களி, கொள்ளுக் கடைசல், ஒரு பச்சை மிளகாய்.

அந்த வாரத்தில்தான் காவியா என்னிடம் வந்து, "அத்தே, நாளைக்கு தர்மபுரி வரைக்கும் கூட வரியா? வக்கீல பாக்கணும். அம்மாவால புழுவ வுட்டுட்டு வர முடியாது" என்றாள். காவியா மாயவனின் ஒரே மகள். அப்போது அவளுக்கு இருபது வயது.

இதற்கு முந்தின கதையைச் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வயதில் அவளுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. ரத்தம் குறைவு என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அப்போது எல்லோரும் காத்து கருப்பு என்றார்கள். வேடியப்பன் கோயில் பூசாரி காளியன், மூன்று அமாவாசைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மந்திரித்துவிடுகிறேன் என்றான். பெற்றவள் நிழல் பட்டால் மந்திரம் பலிக்காதாம். சென்னம்மாளைக் கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அந்தப் பாவி அந்தப் பிள்ளையை என்ன செய்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் போலீசில் சொன்னாள், கோர்ட்டில் சொன்னாள், அது போதும்.

மூன்றாவது அமாவாசை கழித்து அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா போலீசுக்குப் போகவில்லை. பங்காளிகளிடம் போனார். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டணமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டணமாகவும் இலையில் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குற்றம் இல்லை, சிவப்பு வந்தால் குற்றம். நிலத் தகராறு, ஆடு திருட்டு, பெண் எடுக்கலாமா வேண்டாமா எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னதற்கும் அதையே வைத்தார்கள். பொட்டணம் கட்டியவன் காளியனின் தம்பி வீரமணி. வெள்ளை வந்தது.

அதோடு தீர்ந்தது. காளியன் பூசாரியாகவே இருந்தான், திருநீறு கொடுத்தான், பிள்ளைகளுக்கு மந்திரித்தான். காவியாவுக்குப் பொய்க்காரி என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடத்து பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை வீட்டில் திட்டினார்கள். சாமி பேரில் அபாண்டம் சொன்னவளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

காலேஜுக்குப் போனபின் பத்தொன்பது வயதில் அவளாகவே மகளிர் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. காளியனைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்தான். விசாரணை தொடங்குமுன் பக்கவாதம் வந்து செத்துப்போனான். செத்தவன் மேல் வழக்கு நடக்காது என்று கேஸை மூடிவிட்டார்கள். புண்ணியவானை வயிற்றெரிச்சல் கொட்டியே கொன்றுவிட்டாள் என்று அவளைத்தான் பேசினார்கள். அதோடு விட்டார்களா? கோயில் வாசலில் அவன் பேர் பொறித்துக் கல் நடப் போகிறார்களாம். மொட்டை போடுகிற பிள்ளைகள் எல்லாம் இனி அந்தக் கல்லையும் கும்பிட வேண்டுமாம்.

வக்கீல் கலைமணி பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் ஆபீஸ். காத்தாடி ஓடியது, காற்று வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு நாங்கள் எத்தனையாவது துக்கமோ என்று தோன்றியது. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கிரிமினல் கேஸ் அந்தாளோட போயிடுச்சும்மா. அத ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா சிவில் இருக்குது."

"சிவில்னா வரப்புத் தகராறு, கெணத்து முறை, அதுதானுங்களே?" என்று நான்தான் கேட்டேன்.

"அதுவும் சிவில்தாங்க. ஒருத்தருக்கு செஞ்ச கெடுதலுக்கு நஷ்டஈடு கேக்கறதும் சிவில்தான். செஞ்சவன் இல்லன்னாலும், அவன அங்க ஒக்கார வெச்சவங்க இருக்காங்க இல்ல? விஷயம் தெரிஞ்சும் அவனையே வெச்சிருந்தாங்கன்னா அவங்க பதில் சொல்லணும். கல்லு நடக்கூடாதுன்னு தடையும் சேத்துக் கேக்கலாம். ஆனா சீக்கிரம் போடணும். பதினெட்டு வயசு தாண்டி ரொம்ப நாள் வுட்டா, காலம் கடந்துபோச்சுன்னு அவங்க தள்ளப் பாப்பாங்க."

"எனுக்கு நஷ்டஈடு பெருசில்ல மேடம்" என்றாள் காவியா. "நான் பொய் சொல்லலன்னு கோர்ட்ல எழுதுவாங்களா?"

"நிரூபிச்சா தீர்ப்புல வரும். அவங்களுக்குத் தெரியும்ங்கறத எப்படி நிரூபிக்கறது?"

"பூ கேட்டாங்களே மேடம்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். "பூ கேட்டாங்களா? கோயில்லயா? பொறுப்பில இருக்கறவங்க எல்லாம் இருந்தாங்களா?"

"அஞ்சு வகையறாவுக்கு அஞ்சு தர்மகர்த்தா. அஞ்சு பேரும் இருந்தாங்க."

"ரெண்டாவது பொட்டணத்துல என்ன பூ இருந்துச்சு?"

"அத பிரிக்க மாட்டாங்க மேடம். அப்படியே கெணத்துல போட்டுடுவாங்க."

வக்கீல் பெருமூச்சு விட்டாள். "நல்லா இருக்குதும்மா உங்க நியாயம். சரி, அது கெடக்குது. பூ கேட்டதே நமக்குப் போதும். கேட்டாங்கன்னா புகார் அவங்க காதுக்கு வந்துச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறமும் அவனையே வெச்சிருந்தாங்க. அஞ்சுல ஒருத்தராவது வந்து 'ஆமா, பூ கேட்டோம்'னு சொல்லணும். அஞ்சு பேரையும் பிரதிவாதியா போடறேன். பேரு சொல்லு."

காவியா வீரமணியில் தொடங்கி நான்கு பேர் சொன்னாள்.

"அஞ்சாவது?"

"மாயவன்."

"உங்கப்பா பேரு மேல எழுதிட்டேம்மா. அஞ்சாவது ஆளு யாரு?"

"அதான் மேடம். எங்கப்பாதான்."

வக்கீல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் தோட்டத்தில் வைத்து காவியா அப்பாவிடம் சொன்னாள். மாயவன் தழை அறுத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை, வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருப்பார்.

"எம்பேரு மேலயும் கேஸா?"

"ஆமாம்ப்பா. நீயும் தர்மகர்த்தாதானே."

"போடு" என்றார். அப்புறம் தழைக் கட்டைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லி என்னிடம் குனிந்தார். கோபமா, வருத்தமா, சம்மதமா, ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தூக்கி வைத்தேன்.

நோட்டீஸ் போன மறுவாரம் வீரமணி வந்தான். அடுத்த பட்டம் புழு வளர்ந்துகொண்டிருந்தது. புழு ஷெட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்காரர்களே போவார்கள். வீரமணி ஜவ்வாது மணக்க வந்து நின்றான். அந்த வாசனைக்குப் புழு தழையைத் தொடாது.

"அங்கியே நில்லுங்க" என்றாள் சென்னம்மாள். அவனை நிற்கச் சொல்ல அவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு சாக்கு கிடைத்தது போலிருந்தது.

மாயவன் வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தார். நான் நிழலில் தழை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நம்ப வூட்டு விஷயம் கோர்ட்டுக்கு போலாமா?" என்று வீரமணி தொடங்கினான். "பாப்பாவுக்கு கல்லுதானே புடிக்கல? வுட்டுடறோம். கல்லு வேணாம். செத்துப்போனவரு பேரு கல்லுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நீ ஒண்ணே ஒண்ணு செய். எங்க நாலு பேருக்கும் ஒரே வக்கீல். அவுரு கிட்ட நீயும் வந்து, பூவே கேக்கலன்னு சொல்லிடு. அப்படி ஒரு பேச்சே கோயிலுக்கு வரலன்னு. முடிஞ்சுபோச்சு."

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாக்கறீங்களா?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"நீ வேற வூட்டுப் பொம்பள. தழைய கிள்ளு" என்றான். பிறகு மாயவன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "யோசிச்சுக்கண்ணா. நாளைக்கு உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாடைய தூக்க பங்காளிதான் வரணும். ஆம்பளப் புள்ளயும் இல்ல உனுக்கு. வக்கீலம்மா வந்து தூக்குவாளா?"

சென்னம்மாள் ஷெட்டுக்குள்ளிருந்தே கத்தினாள். "நாங்க செத்தா முனிசிபாலிட்டி வண்டியில போறோம் போடா! எம்புள்ளைய வெளிய ஒக்கார வெச்ச மாதிரி என்னைய ஒக்கார வெச்சானே உங்கண்ணன், அவனை நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போனீங்களே, உங்க தோளு அழுவிப் போவலயா?" ஆத்திரத்தில் வார்த்தை முன்னும் பின்னும் வந்தது. நனைத்த சாக்கைப் பிழிந்துகொண்டே அழுதாள்.

காவியா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்றாள். "கல்லு வெச்சுக்குங்க சித்தப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பத்துக் கல்லு வேணும்னாலும் வெச்சுக்குங்க. என்னைய பொய்க்காரின்னு ஊரு பூரா சொன்னீங்க இல்ல? அத வாபஸ் வாங்குங்க. நான் கேஸ வாபஸ் வாங்கறேன்."

வீரமணி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாயவனிடம்தான் கேட்டான்: "என்னா சொல்றண்ணா?"

"யோசிக்கறேன்" என்றார் மாயவன்.

அடப்பாவி மனுஷா என்றிருந்தது எனக்கு. காவியா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. "அவரா சொன்னாத்தான் அத்தே அது சொன்னது. நான் கெஞ்சி சொன்னா அது என்னாது?" என்றாள் என்னிடம்.

சிவில் கேஸ் என்பது ஆறப் போட்டுத் தின்கிற களி. வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் வக்கீல்கள் ஸ்டிரைக், ஒரு நாள் எதிர்த்தரப்புக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து, பொட்டணச் சோற்றைத் தின்றுவிட்டு வருவோம். கல்லுக்கு மட்டும் தடை வந்தது. இதற்கிடையில் பட்டுக்கூடு எத்தனையோ பட்டம் எடுத்தாயிற்று, மழை பொய்த்தது, பெய்தது. காவியா காலேஜ் முடித்து தர்மபுரியில் ஒரு ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். மாயவன் நான்கு பேரின் வக்கீலிடமும் போகவில்லை, தனியாக வக்கீலும் வைக்கவில்லை. கோர்ட்டில் பேர் கூப்பிட்டால் போய் நிற்பார், கை கட்டிக்கொண்டு. பண்டிகைக்கு அவர் வீட்டுக்குக் கோயில் பிரசாதம் வருவது நின்றது. வயலுக்குத் தண்ணீர் முறை கேட்கப் போனால் மோட்டார் ரிப்பேர் என்றார்கள். மனுஷன் இளைத்துப்போனார்.

சாட்சி விசாரணை வந்தது. காவியாவைக் கூண்டில் ஏற்றுமுன் ஜட்ஜம்மா, "வேணும்னா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு விசாரிக்கலாம்மா" என்றார்.

"வேணாம்ங்க" என்றாள் காவியா. "அன்னிக்கு கதவ சாத்திட்டுத்தான் எல்லாம் நடந்துச்சு. தொறந்தே இருக்கட்டும்."

இரண்டு வாய்தாவில் அவளை எதிர் வக்கீல் கேட்காத கேள்வி இல்லை. ஏன் கத்தவில்லை, ஏன் இத்தனை வருஷம், யார் சொல்லிக் கொடுத்தது. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பூக் கேட்கவே இல்லை என்று நான்கு தர்மகர்த்தாக்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சாமியைக் கூப்பிட்டுச் சத்தியம் வேறு.

கடைசியில் மாயவன் ஏறினார். கலைமணி வக்கீல் கேட்டாள், பூக் கேட்டீர்களா என்று.

"கேட்டோம்ங்க" என்றார். "நான்தான் கூட்டுனேன். அஞ்சு பேரும் இருந்தோம்."

பின் பெஞ்சில் வீரமணி எழுந்து நின்று உட்கார்ந்தான். காவியா அசையாமல் இருந்தாள், கை மட்டும் என் கையைப் பிடித்திருந்தது.

எதிர் வக்கீல் கெட்டிக்காரர். பூவே கேட்கவில்லை என்ற கதை போனது தெரிந்ததும் சட்டென்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

"சரி, கேட்டீங்கன்னே வெச்சுக்குவோம். என்ன பூ வந்துச்சு?"

"வெள்ளைங்க."

"வெள்ளை வந்தா குத்தம் இல்லன்னுதானே உங்க வழக்கம்?"

"ஆமாங்க."

"நீங்களும் அத ஏத்துக்கிட்டீங்க. போலீஸுக்குப் போகல. அப்ப, உங்க பொண்ணு சொன்னது பொய்யின்னு பெத்த தகப்பனே நம்பியிருக்கீங்க. சரிதானே?"

ஜட்ஜம்மா, "பதில் சொல்லுங்க பெரியவரே" என்றார்.

"நம்பலிங்க."

"பொய்யின்னு நம்பலன்னா வெள்ளைப் பூவ ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"எம்புள்ள சொன்னன்னைக்கே எனுக்குத் தெரியுங்க, அது நெசம்னு." அவர் யாரையும் பார்க்காமல் கூண்டுக் கட்டையைப் பார்த்துச் சொன்னார். "செவப்பு வந்தா பங்காளிங்கள பகைச்சுக்கணும். போலீஸுக்கு போவணும். பொம்பளப் புள்ள பேரு ஊருல அடிபடும். என்னால முடியாதுன்னு தோணிடுச்சுங்க. அதான், வெள்ளையே வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். அங்க நின்ன அஞ்சு பேத்துல நான்தான் ரொம்ப வேண்டிக்கிட்டேங்க."

டைப் அடிக்கிற பெண் நிறுத்திவிட்டு ஜட்ஜம்மாவைப் பார்த்தாள். "சொன்னத அப்படியே போடும்மா" என்றார் ஜட்ஜம்மா. எதிர் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கலைமணி வக்கீல் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "இதுக்கு மேல வேற சாட்சி தேவையில்ல. உனுக்குத் தெரியுமா காவியா, இந்த மாதிரி ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டாங்க. அப்பா நம்ப பக்கம் வந்துட்டாரு. இனிமே அவரு பேர பிரதிவாதியில இருந்து எடுத்துடலாம், நான் மனு போட்டுடறேன்."

காவியா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் மாயவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் போனாள்.

"வெள்ளை வந்தா என்னா செய்யறதா வேண்டிக்கிட்ட?"

அவர் துண்டை எடுக்கவில்லை.

"சொல்லுப்பா."

"கெடா."

"பூ கேட்ட மறுவாரம் வூட்ல கெடா வெட்டுனமே. எனுக்கு ஒடம்பு தேறணும்னு வெட்டறதா சொன்னீங்க. அதுவா?"

"ஆமா."

"எனுக்குத்தான் ஈரல் எடுத்து வெச்ச நீ. நான் தின்னேன்."

மாயவன் மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். "ஆமா பாப்பா" என்றார். எனக்கு அந்த மனுஷனை அறையலாம் போலவும் இருந்தது, தண்ணீர் கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

காவியா வக்கீல் பக்கம் திரும்பினாள். "மேடம், எங்கப்பா பேர எடுக்க வேணாம். இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. தீர்ப்பு நமக்கு சாதகமா வந்தா அவரும் சேந்துதான் நஷ்டஈடு கட்டணும். தீர்ப்புல அவரு பேரும் வரும்."

"வரட்டும் மேடம்."

"இருக்கட்டுங்க" என்றார் மாயவன் கீழே இருந்தபடியே. "பாப்பா சொல்றதுதான் சரி."

வக்கீல் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, சரி என்று கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போனாள்.

பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி டவுன் பஸ் நின்றிருந்தது. ஏறினோம். காவியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். மாயவன் எங்களைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்தார். பழைய தர்மபுரி தாண்டும்போது கண்டக்டர் வந்தார். பெண்கள் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் இலவசம், அவருக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். மாயவன் பின்னால் சட்டைப் பையைத் தடவுவது தெரிந்தது.

"பின்னாடி, வெள்ளைத் துண்டு போட்டவருக்கு ஒண்ணு" என்று காவியா பணத்தை நீட்டினாள்.